ஊர்ப்பெயரில் நிற்கும் நீர்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலையில், போரூரைக் கடந்து ஐயப்பன்தாங்கலையும் தாண்டினால் வருவது காட்டுப்பாக்கம். காட்டாங்கொளத்தூர் அருகே, கால்நடை ஆராய்ச்சி நிலையத்தால் பெயர் பெற்ற காட்டுப்பாக்கம் வேறு. அவ்வூரையும் இவ்வூரையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.

சாலையோரம் மெட்ரோ இரயிலுக்கான தூண்கள் உயர்ந்து நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் அடுக்கு வீடுகள், மனைப் பிரிவுகள். காடு ஊர்ப்பெயரில் மட்டுமே இருக்கிறது. அயலூரின் பெயரோ நம்மைச் சற்று நிற்க வைக்கிறது. தாங்கல் என்றால், மழைநீரைத் தாங்கி வயலுக்கு விடும் சிற்றேரி. மேற்கே 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம். கிழக்கே போரூர் ஏரி. இடையிடையே சிறியனவும் பெரியனவுமாய் எத்தனையோ நீர்நிலைகள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். நம் முன்னோர் நிலத்தின் சரிவை அறிந்து அமைத்த ஏற்பாடு இது. நடுவில் ஒரு கால்வாய் தூர்ந்தாலும் அந்நீர் தெருவில்தான் நிற்கும்.

மனை வாங்கும் நம் குடும்பங்கள் "பட்டா உண்டா?" என்று கேட்கின்றன, "நீருக்கு வழி உண்டா?" என்று கேட்பவர் அரியர். இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையில்தான் சட்டம் நிற்கிறது.

1971-ஆம் ஆண்டு ஈரான் நாட்டு ராம்சார் நகரில் சதுப்பு நிலங்களைக் காக்க உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 'பீட்' எனப்படும் நிலங்களையும் அது பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. இலைதழைகள் நீரில் ஊறி, முற்றும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படிந்த கருஞ்சேற்று நிலம் அது. அதனை வடித்து உலர்த்தினால், அடைந்து கிடந்த கரி வளியாகி வானில் கலந்துவிடும். நம் நீலகிரியிலும் அது உண்டு. அங்கு எடுத்த படிவுகளைக் கொண்டு கடந்த 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை இந்திய அறிஞர்கள் 1993-இல் வெளியிட்டனர். சேறென்று நாம் ஒதுக்குவது அவர்களுக்கு ஓர் ஏட்டுச்சுவடி!

இந்திய அரசு 2017-இல் வகுத்த சதுப்பு நில விதிகளும் இவ்விளக்கத்தையே தழுவின. ஆனால் நெல்வயல்களையும், குடிநீருக்கெனவும் பாசனத்திற்கெனவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் விலக்கிவிட்டன. காட்டுப்பாக்கத்தைச் சூழ்ந்த ஏரிகள் பெரும்பாலும் மனிதர் கை வைத்துக் கட்டியவையே. பள்ளிக்கரணையின் நிலை வேறு. ஒரு காலத்தில் பயனற்ற வெளியெனக் கருதப்பட்டு, குப்பை கொட்டப்பட்ட அச்சதுப்பு, 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏரி கட்டிய குடிகளின் உழைப்பே ஏரிக்குச் சட்டக் காப்பு கிட்டாமைக்குக் காரணமாவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஏரிகளுக்கென்று தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. எல்லையை அளந்து, அறிவிப்புக் கொடுத்து, ஆக்கிரமிப்பை அகற்ற அது வழி செய்கிறது. எனினும் அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளையே கருதி எழுந்தது. ஊராட்சிக் குளங்களும் தாங்கல்களும் அதன் குடைக்கு வெளியே நின்றன. நீதிமன்றங்களோ இன்னும் தெளிவாகப் பேசியுள்ளன. குளத்தின் ஒரு பகுதி வற்றி மேடாயிற்று என்பதால் அது குடியிருப்பு நிலமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்த்தது. பெரும்பொருள் செலவிட்டு வீடு கட்டிவிட்டோம் என்பது ஆக்கிரமிப்பை நிலைநிறுத்தக் காரணமாகாது என்று 2011-இல், பஞ்சாப் மாநிலக் குளம் ஒன்றின் வழக்கில், அதே நீதிமன்றம் உரைத்தது.

வாழ்நாள் சேமிப்பெல்லாம் கொட்டி வீடெடுத்த ஏழைக்கு இத்தீர்ப்பு இடியாக விழும். விற்றவன் அதற்குள் வேறூர் போயிருப்பான்.

ஆதலால் மனை பார்க்கும் அன்பர்கள் முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஏரி, குளம், வாய்க்கால், புறம்போக்கு என்ற சொற்களில் எதுவும் உண்டா என்று பாருங்கள். புலப்படத்தையும் கேளுங்கள். அதில் வாய்க்காலென்று இரு கோடுகள் ஓடினால், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நல்ல மழை விட்ட மறுநாள் அவ்விடத்தில் நடந்து பாருங்கள்.