அல் ஐனில் ஒரு றகர் ஆட்டம்

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் றகர் என்பது கொழும்புக்காரரும் கண்டிக்காரரும் விளையாடுகிற விளையாட்டு. றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் நடக்கும் பிரட்பி கேடயப் போட்டியைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டதோடு சரி. எங்களுக்கு உதைபந்தாட்டம், மாட்டுவண்டிச் சவாரி. அதற்கு மேலே போனால் யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 இல் தொடங்கி ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டி. அப்படிப்பட்ட நான் ஐம்பது வயது கடந்தபின் ஒரு றகர் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன் என்றால் உரும்பிராயில் ஒருவரும் நம்பமாட்டார்கள். 2017 மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அது நடந்தது.

அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக நடந்தபோது நானும் நடந்தேன். சாவகச்சேரி, வன்னி, பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ். அண்ணர் கனடாவுக்குப் போனார், தங்கை சுவிசுக்குப் போனாள். என் கையில் இருந்த காசுக்கு வளைகுடாதான் கிடைத்தது. 1996 இல் ஏஜென்சி மூலம் வந்து டுபாயில் ஒரு கம்பனியின் ஸ்ரோர் கீப்பரானேன். இரண்டு வருடத்தில் மனைவியும் வந்து சேர்ந்தா. அந்த வருடம் டிசம்பரில் சார்ஜாவில் மகன் பிறந்தான்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் அமீரகம் ஒப்பமிடவில்லை. ஆகவே இங்கே எங்களுக்கு அகதி என்ற பெயர் இல்லை. நாங்கள் வேலைக்காரர். வேலை இருக்கும்வரை விசா. இங்கே பிறந்தாலும் பிள்ளைக்கு இந்த நாடு சொந்தமாகாது. அந்த நாட்களில் ஆண்பிள்ளையைத் தகப்பனின் விசாவில் வைத்திருக்கப் பதினெட்டு வயது வரைக்கும்தான் முடியும். படிக்கிறான் என்று காட்டிக் கொஞ்சக்காலம் நீட்டலாம். 2016 டிசம்பரில் மகனுக்குப் பதினெட்டு முடிந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்க்க என் சம்பளம் காணாது. பள்ளிக்கூடம் முடிய ஜூலையில் அவன் கொழும்புக்குப் போவதென்று முடிவானது. இரண்டே தரம் விடுமுறைக்குப் போய்ப் பார்த்த நாடு அது.

அவனுக்கு றகர் பிடித்தது பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியரால். இந்த விளையாட்டை வளைகுடாவுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரித்தானியப் படையினரும் எண்ணெய்க் கம்பனிக்காரரும். டுபாய் எக்ஸைல்ஸ் கழகம் 1969 இல் தொடங்கியது. எக்ஸைல்ஸ் என்றால் நாட்டைவிட்டு அகன்றவர்கள் என்று பொருள். விரும்பி வந்தவர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அது. அடுத்த வருடமே எழுவர் போட்டியும் ஆரம்பமாகிவிட்டது. அப்போது புல் ஏது, மணலிலேயே விழுந்து எழும்பினார்களாம். மகன் சேர்ந்தது அவ்வளவு பெரிய கழகமல்ல. அதன் கடைசி அணியில், கடைசிப் பிரிவில், 14 ஆம் இலக்கச் சட்டையோடு ஓரத்தில் ஓடுகிற ஆள். சந்தாப் பணத்தில் பாதியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார்.

அன்று அல் ஐனில் ஆட்டம். எதிரணி அல் ஐன் அம்பிளர்ஸ். வெளியூர் ஆட்டத்துக்கு வான் ஓட்ட ஆளில்லை என்றபோது நான் ஒத்துக்கொண்டேன். மகனின் கடைசி வெளியூர் ஆட்டம் என்று மனைவியும் வெளிக்கிட்டா. விடிய நாலு மணிக்கே எழும்பி அறுபது மீன் கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டா.

டுபாயிலிருந்து அல் ஐன் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். ஒருமணித்தியாலம் போக மண் சிவக்கத் தொடங்கும். உரும்பிராய்த் தோட்டத்து மண்ணைப்போலச் சிவப்பு, ஆனால் ஒரு மரவள்ளித்தடிகூட முளைக்காது. ஜும்ஆ நேரத்துக்குப் பெற்றோல் நிலையப் பள்ளிவாசலருகே நிறுத்தினோம். அணியில் இருந்த எகிப்தியரும் பாகிஸ்தானியரும் தொழப் போக, மற்றவர்கள் மலையாளியின் கடையில் கறக் தேநீர் குடித்தார்கள். மனைவி பயிற்சியாளரிடம் ஆட்டத்தின் சட்டத்தைக் கேட்டா. பந்தைக் கையால் முன்னுக்கு எறியக்கூடாது, பின்னால் நிற்பவனுக்குத்தான் கொடுக்கலாம், ஆனால் எல்லோருமாக முன்னேற வேண்டும் என்றார் அவர்.

"அப்ப நாங்கள் ஊருக்குக் காசு அனுப்புற மாதிரித்தான்" என்றா மனைவி. அதை மகன் ஆங்கிலத்தில் சொல்ல, வான் முழுக்கச் சிரித்தது.

ஆட்டம் நாலு மணிக்கு. இடையில் கிடைத்த நேரத்தில் மகனைப் பேரீச்சந்தோப்புக்குக் கூட்டிப்போனேன். 2011 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. நிலத்துக்குக் கீழே வெட்டிய கால்வாயால் வரும் தண்ணீரை முறைவைத்துத் தோட்டங்களுக்குத் திருப்புகிறார்கள். 'ஃபலஜ்' என்பது அதன் பெயர்.

"அப்பா, உங்கட ஊரிலையும் இப்பிடித்தானோ தண்ணி கட்டுறது?"

கிணறும் துலாவும் வாய்க்காலும் எப்படியென்று சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டான். உங்கட ஊர் என்றுதான் கேட்டான், எங்கட ஊர் என்று அல்ல. பதினெட்டு வருடத்தில் அவனுக்கு நான் சொல்லாமல் விட்டவை எவ்வளவு என்று அப்போதுதான் உறைத்தது. நாலு மாதத்தில் அங்கே போகப்போகிறவன்.

ஆட்டத்தைச் சொல்வதென்றால் வெட்கம்தான். இடைவேளையில் 24–0. எங்கள் பக்கத்து ஆதரவாளர்கள் நானும் மனைவியும் இன்னும் நான்கு பேரும். ஹபீத் மலை பின்னால் நிற்க, எட்டுப்பேரும் எட்டுப்பேரும் தோள்கோத்துத் தள்ளுகிறார்கள். எங்கள் எட்டுப்பேர் பின்னுக்கே போகிறார்கள். முதலில் சும்மா நின்றேன். கூட்டத்தோடு நின்று ஒரு பக்கத்துக்காகக் கத்துவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். எந்தப் பக்கம் என்று அடையாளம் தெரியாமல் நடமாடியதால்தான் நாங்கள் சிலர் உயிரோடு இருக்கிறோம். ஆனால் இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒரு ட்ரை போட்டு அதன் மேலதிக உதையையும் அடித்து ஏழு புள்ளி எடுத்தார்கள். என்னையறியாமல் கத்தத் தொடங்கினேன், அதுவும் தமிழில். "பிடியடா, விடாதை!"

முடிய இருபது நிமிடம் இருக்கையில் பந்து மகனிடம் வந்தது. ஓரக்கோட்டோடு ஒட்டி முப்பது மீற்றர் ஓடினான். இரண்டு மடங்கு பருமனான தாடிக்காரர் ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து விழுத்தினார். விழுகிற நேரத்தில் அவன் பந்தை உள்ளே கப்டனிடம் கொடுக்க, கப்டன் ட்ரை போட்டாராம். நான் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தைப் பார்த்தபோது நான் நிலத்தில் அசையாமல் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன்.

அந்த வயதுப் பிள்ளைகள் அப்படிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டி ஓடிவிட்டேன். மத்தியஸ்தர் கையை நீட்டி மறித்து, "ஐயா, தயவுசெய்து வெளியே" என்றார் அமைதியாக. மகனின் தலைமாட்டில் முழந்தாளிட்டு, தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவர் அவனை விழுத்திய அதே தாடிக்காரர். முதலுதவிப் பெண் வந்து பார்த்தா. மூச்சடைத்ததுதான், வேறொன்றுமில்லை. அவன் எழும்பியபோது இரண்டு பக்கத்தாரும் கைதட்டினார்கள். மீதி ஆட்டத்தை என் பக்கத்தில் ஐஸ் கட்டியோடு இருந்து பார்த்தான். 41–12 என்று தோற்றோம்.

முடிந்ததும் வென்றவர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, தோற்றவர்கள் நடுவால் நடந்தார்கள். பிறகு தோற்றவர்கள் அப்படி நிற்க வென்றவர்கள் நடந்தார்கள். அதன்பின் எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. தாடிக்காரர் தேடிவந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். மனைவிக்குக் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கட்லட் பெட்டியைத்தான் நீட்டினா. அவர் ஐந்து சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பின்னால் எல்லோரும் நித்திரை. முன்னால் இருந்த மகன் கேட்டான்: "அப்பா, கொழும்பிலை எனக்கு ஆரைத் தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. கொழும்பில் எனக்கே ஒருவரையும் தெரியாது. நித்திரை என்று நான் நினைத்த பயிற்சியாளர் பின்னாலிருந்து "என்ன கேட்கிறான்?" என்றார். சொன்னேன். அடுத்த கிழமை ஒரு கடிதம் தந்தார். இன்னாருக்கு என்று முகவரி இல்லை. எந்தக் கழகமானாலும், இந்தப் பையன் நேரத்துக்கு வருவான், பந்தைத் தனக்கென்று வைத்திருக்கமாட்டான், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான்கு வரி. மகன் அதைப் பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான். போய் இரண்டாம் கிழமையே ஒரு கழகத்தில் சேர்ந்தான். தங்க அறை தேடித்தந்ததும் அங்கே கண்ட ஒரு சிங்களப் பையன்தான். இரண்டு வருடம் விளையாடினான். பிறகு படிப்பும் வேலையும் வந்துவிட்டன.

2022 ஒக்டோபரில் இங்கே சட்டம் மாறியது. இப்போது இருபத்தைந்து வயதுவரை ஆண்பிள்ளையைத் தகப்பனின் விசாவில் வைத்திருக்கலாம். எங்களுக்கு ஐந்து வருடம் பிந்திவிட்டது. அதே வருடத் தொடக்கத்திலேயே வார விடுமுறையும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. நானும் மனைவியும் இப்போது சனிக்கிழமைகளில் அந்தத் திடலுக்குப் போகிறோம். எங்கள் அணி இன்னும் அநேகமாகத் தோற்கிறது.

எனக்கும் அறுபது கடந்துவிட்டது. வேலை நின்றால் விசாவும் நின்றுவிடும். பிறகு நாங்களும் போகவேண்டியதுதான். எங்கே என்று இன்னும் முடிவில்லை. எந்த ஊரானாலும் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கிறதா என்று பார்க்கச்சொல்லி மகன் எழுதுகிறான். கட்லட் சட்டியை மறக்கவேண்டாம் என்று தாய்க்கும் ஒரு வரி எழுதியிருக்கிறான்.