ஊழியமும் துண்டும்

'ஊழியம்' என்னும் சொல்லுக்கு இலங்கைத் தமிழில் வாய்த்த வரலாறு விசித்திரமானது. ஒல்லாந்தர் இத்தீவின் கரையோரங்களை ஆண்ட காலத்தில், கூலியின்றி ஆட்சியாளருக்குச் செய்து தீரவேண்டிய கட்டாய வேலைக்கு அதுவே பெயர். கிறிஸ்தவத் தமிழிலோ அச்சொல் இறைபணியைக் குறிக்கிறது. ஒருவர் பிறநாட்டுக்குச் சென்று சமயப் பணி புரிந்தால் 'ஊழியத்துக்குப் போனார்' என்கிறோம். பலவந்தமும் தியாகமும் ஒரே சொல்லில் குடியிருப்பதைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாட்களில் ஒரு சொல்லாராய்ச்சிச் செய்தியாக மட்டுமே குறித்து வைத்திருந்தேன். மலைநாட்டுக்கு ஆசிரியனாக வந்த பின்னரே அது ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு என்பது விளங்கிற்று.

இவ்விரு பொருள்களும் இம்மலைகளில் நேருக்கு நேர் சந்தித்த ஆண்டு 1854. கோப்பித் தோட்டத் துரைமாரின் முயற்சியாலும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையாலும் கண்டியை மையமாகக் கொண்டு ஓர் அமைப்பு தோன்றிற்று. 'தமிழ்க் கூலி மிஷன்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதை நடத்தும் பொறுப்பை ஏற்று வந்தவர் திருநெல்வேலியில் ஏற்கெனவே பணியாற்றியிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் பாதிரியார். தமிழறிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. திருநெல்வேலியின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து கோப்பி மலைகளுக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். மந்தை போன திசையில் மேய்ப்பனும் புறப்பட்டான் என்று சமய நூலார் இதை வருணிப்பர். மந்தையை ஓட்டிச் சென்றவர் யார் என்ற வினாவை மட்டும் அவர்கள் அதிகம் எழுப்புவதில்லை.

மிஷனரிக்கும் மிஷனரியின் மனைவிக்கும் பயணம் எளிதாயிருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்நிய வெயில், காய்ச்சல், குழந்தைகளின் மரணம் ஆகிய எல்லாவற்றையும் அக்காலத்து மிஷன் குடும்பங்கள் அனுபவித்தன. ஆயினும் அவர்கள் கையில் ஒரு கடிதம் இருந்தது. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், யார் வரவேற்பார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அவர்களுக்கு முன்னே அதே கடலைக் கடந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழியெங்கும் காத்திருந்தன. ஆயிரக்கணக்கானோர் பாதையோரத்திலேயே மாண்டார்கள். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. திருச்சபையாரும் அதில் நடந்தார்கள். ஹாப்ஸ் வந்த காலத்தில் அப்படி ஒரு நினைவு யாருக்கும் எழுந்திருக்க முடியாது. அன்று அந்தச் சாவுகள் இன்னும் நடந்துகொண்டிருந்தன.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவனிடமும் பின்னர் ஒரு கடிதம் இருந்ததுண்டு. அதன் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பும் கங்காணி, தன் ஆட்களின் பேரில் இவ்வளவு கடன் உள்ளது, அதைத் தீர்த்தால் ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதித்தரும் சீட்டைக் கொண்டுபோக வேண்டும். புதிய துரை கடனைக் கட்டுவான். கடனும் ஆட்களும் சேர்ந்தே கைமாறும். 1921இல் சட்டம் இதை ஒழிக்கும் வரை மலைநாட்டுத் தொழிலாளியின் பணிமாற்றம் இப்படித்தான் நடந்தது. மிஷனரியின் மாற்றல் கடிதம் அழைப்பு; தொழிலாளியின் துண்டு விலைச்சீட்டு. இரண்டும் ஒரே தோட்டத்து மேசைமீது கிடந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

அம்மேசைக்கு உரியவனே மிஷனுக்கும் பணம் கொடுத்தான். பாதிரியாரைச் சங்கம் தாங்கிற்று. தமிழ் உபதேசியார்களின் சம்பளமும் பள்ளிச் செலவும் பெரும்பாலும் துரைமாரின் சந்தாவில் நடந்தன. துரைமாரிடம் தரும சிந்தை இருந்ததா என்றால் சிலரிடம் இருந்திருக்கலாம். ஆனால் லயத்தில் மாலையில் உபதேசியார் பேசும் பொழுது, பிரட்டுக்களத்தில் காலையில் நடப்பது பற்றி அவர் என்ன பேச முடியும்? அரைப்பேர் போட்டதைக் கேட்டு ஒருத்தி அழுதால், அவளுக்கு அவர் தேற்றரவு சொல்லலாம். கணக்கப்பிள்ளையிடம் போய் வாதாடினால் அடுத்த மாதம் அவருக்கே பேர் இராது.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய மருத்துவர் ஜான் ஸ்கடரும் ஹாரியட் அம்மையாரும் பண்டத்தரிப்பில் பல்லாண்டுகள் பணியாற்றி, 1836இல் புதிய மிஷன் தொடங்கச் சென்னைக்கு மாறினார்கள். அந்த மிஷன் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியையும் உடுவில் மகளிர் பள்ளியையும் நிறுவியது. பின்னர் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். அதே வேதம், ஏறக்குறைய அதே காலம். மலைநாட்டிலோ லயத்து மூலையில் ஓராசிரியர் பள்ளி. எழுத்தும் கூட்டலும் கழித்தலும் வந்தால் போதும், பிள்ளைக்குப் பத்து வயதானால் கொழுந்துக்கூடை காத்திருக்கும். யாழ்ப்பாணத்துச் சிறுவனின் கைகள் யாருடைய இலாபத்துக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. நம் சிறுவனின் கைகள் தேவைப்பட்டன. போதகரின் மனம் எவ்வளவு விரிந்திருந்தாலும் பள்ளியின் எல்லையைத் தோட்டமே அளந்தது.

இதைக் கொண்டு, மிஷனரி என்றதும் 'ஏகாதிபத்தியத்தின் கையாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நம் நண்பர்களோடும் நான் உடன்படுவதற்கில்லை. என் பாட்டி புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உபதேசியாரின் மனைவியிடம் 'அ' எழுதக் கற்றவர். அந்த அம்மையாருக்கு எவரும் சம்பளம் கொடுத்ததில்லை. பாடம் சொன்னார், பிரசவம் பார்த்தார், காய்ச்சலில் கஞ்சி வைத்தார். வெள்ளை மிஷனரிமாரின் மனைவியரைக்கூட அக்காலச் சங்கங்கள் தனி ஊழியராக எண்ணிப் பட்டியலிடவில்லை. திருநெல்வேலிப் பெண்ணை யார் எண்ணப் போகிறார்கள்? ஒல்லாந்தர் காலத்துப் பொருளில் அவர் செய்ததே முழுமையான ஊழியம். அவர் கற்பித்த எழுத்தைக் கொண்டு என் பாட்டி பிற்காலத்தில் பற்றுச்சீட்டைப் படித்து, அரிசிக் கணக்கில் இருந்த புரட்டைக் கண்டுபிடித்தார். துரையின் சந்தாவில் நடந்த பள்ளிக்கு இப்படியும் ஒரு விளைவு.

இங்கே இன்னொரு தம்பதியையும் நினைக்க வேண்டும். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் கடல் கடந்து ஊழியம் செய்ய வந்தவர்கள்தாம். மிஷனரி துரையின் அனுமதியோடு வாயில் வழியே நுழைந்தார். நடேசய்யருக்கு அனுமதி இல்லை. புடைவை வியாபாரியின் வேடத்தில் மூட்டையோடு லயங்களுக்குள் புகுந்தார் என்பது பிரசித்தம். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே தொழிற்சங்கம் கண்டார். மீனாட்சியம்மை பாட்டுக் கட்டிப் பாடினார். பேச்சைக் கேட்க அஞ்சிய பெண்கள் பாட்டைக் கேட்க வந்தார்கள். அவரைப் பற்றி நம் தொழிற்சங்க வரலாறுகள் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு என்றும் உறுத்தல். மனைவியரை எண்ணாமல் விடுவதில் சபைக்கும் சங்கத்துக்கும் பேதமில்லை போலும்.

பின்னர் மந்தையைத் திருப்பி ஓட்டினார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்த இலட்சங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். 1984இல் இராமேஸ்வரக் கப்பல் நிற்கும் வரை அது ஓடிற்று. நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மீண்டும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களுள் ஓர் ஆசிரியரும் இருந்தார். மெதடிஸ்த மிஷனரிகள் அட்டனில் தொடங்கிய ஹைலண்ட்ஸ் கல்லூரிக்கு அதிபராயிருந்த இர. சிவலிங்கமே அவர். அவரிடம் சபையின் கடிதமும் இல்லை, துரையின் துண்டும் இல்லை.

இன்று மந்தை போகும் திசை வேறு. கொத்மலைச் சரிவுகளில் எந்த லயத்துக்குச் சென்றாலும், பாட்டியோடு வளரும் பிள்ளைகளைக் காணலாம்; தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலை செய்கிறாள். ஏஜென்ட் முன்பணம் கொடுத்து அனுப்புகிறான். பழைய கங்காணியும் முன்பணம் கொடுத்தே அழைத்தான். அங்கே 'கஃபாலா' என்னும் முறையில் அவளுடைய குடியிருப்பு உரிமை எசமானனோடு பிணைக்கப்படுகிறது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது சட்டப்படி பல நாடுகளில் குற்றமே, ஆயினும் நடக்கிறது. 1921இல் ஒழிந்த துண்டு வேறு அட்டையோடு திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் பகுதியில் ஒன்பது ஆண்டுகள் பணிபுரிந்த ஒரு போதகரும் அவருடைய துணைவியாரும், அத்தகைய நாடொன்றிலுள்ள தமிழ்ச் சபைக்கு இவ்வாண்டு புறப்படுகின்றனர். நான் கிறிஸ்தவனல்லன், ஆயினும் மழையில் லயம் இடிந்தபோது எங்கள் பள்ளி மண்டபத்தில் என்னோடு மண்வெட்டி பிடித்தவர் என்ற உரிமையில் அவரிடம் நேராகக் கேட்டேன்: "ஐயா, அங்கே பிரார்த்தனை மட்டுந்தானா, பாஸ்போர்ட்டையும் கேட்பீர்களா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "மாஸ்டர், அங்கே ஆராதனைக்கு இடம் கொடுத்ததே அந்த அரசாங்கம். சபையே விருந்தாளிதான். சத்தம் போட்டால் கதவை மூடிவிடுவார்கள்" என்றார். 1854இன் உபதேசியாரே என் முன் நின்று பேசுவதுபோல் இருந்தது. அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். அந்த விடையை ஏற்க என்னால் இயலவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தமிழ் கேட்டு அழுதுவிட்டு அதே வீட்டுக்கு அவள் திரும்புவதற்கு வேண்டிய பலத்தை மட்டும் கொடுப்பது யாருக்குச் செய்யும் ஊழியம்? இதையும் கேட்டேன். அவர் தலை கவிழ்ந்தார்.

துணைவியார் குறுக்கிட்டார். அவருக்குச் சம்பளம் கிடையாது. அழைப்புக் கடிதத்தில் 'குடும்பத்துடன்' என்ற ஒரு சொல்லே அவரைக் குறிக்கிறது. இங்கே தையல் வகுப்பையும் பாலர் பள்ளியையும் நடத்தியவர் அவர்தான். "சேர், இவர் பேச முடியாத இடத்தில் நான் போய் விசாரிக்கலாம். பெண்கள் பெண்களைப் பார்க்க வருவதை அவ்வளவாக யாரும் தடுப்பதில்லை. தூதரகத்துக்குப் போய் நிற்கவும் எனக்குப் பயமில்லை. எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதித் தருவீர்களா?" என்றார்.

வரவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கேட்டு எழுதினேன். அந்த நாட்டில் இருக்கும் தாய்மார் பதினேழு பேர். பதின்மூன்று பேருக்குத் தொலைபேசி எண் கிடைத்தது. நான்கு பேரின் தொலைபேசியை எசமானர் வாங்கி வைத்திருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அந்தப் பெயர்களுக்கு எதிரே ஏஜென்டின் பெயரையும், அவள் கடைசியாகப் பேசிய மாதத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.