கஞ்சிராவும் காலியிடமும்

மிருதங்கம் ஒன்று இருக்கையில் கடமும் கஞ்சிராவும் எதற்கு என்று கேட்பவர்கள் நம் நகரத்துத் தமிழரிடையே உண்டு. ஊரிலிருந்து இன்னொரு வித்துவானை வரவழைத்தால் ரயில் கட்டணம் கூடுகிறதே என்பது அவர்கள் கவலை. வேறு சிலரோ, வாத்தியம் கூடக்கூடக் கச்சேரி களைகட்டும் என்பர். நாம் நெடுநாள் இந்த இரண்டாம் சாராரைச் சேர்ந்தே இருந்தோம். அதனால் ஒரு சிறுமியின் கண்ணீருக்கும் காரணமானோம்.

மத்திய அரசுப் பணி நிமித்தம் தில்லிக்கு வருமுன் ஊரில் நான்காண்டுகள் கஞ்சிரா பயின்றிருந்தோம். பலா மரத்தில் கடைந்த சிறு வளையம், ஒருபுறம் ஒட்டிய தோல், விளிம்பில் ஒரு பிளவு, அதனுள் கலகலக்கும் நாணயங்கள், அவ்வளவே அவ்வாத்தியம். பஜனைகளில் ஒலித்துவந்த இதனைக் கச்சேரி மேடையில் ஏற்றிய பெருமை புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையைச் சேரும். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) அதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தார். உடும்புத் தோலே அந்நாளில் கஞ்சிராவுக்கு உரியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. மிருதங்கத்தைப் போல வாரை இழுத்துச் சுருதி கூட்ட இதில் வழியில்லை. ஐப்பசித் தில்லியின் வறண்ட காற்றில் தோல் விறைத்துத் தகரம்போல் கத்தும். உட்புறம் நீர் தடவினாலன்றிக் கும்கி நாதம் எழாது.

நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரிக் கச்சேரி ஒன்று நடந்தது. பாடியவள் பதினான்கு வயதுச் சிறுமி. மிருதங்கம் வாசித்தவர் எதிர் வரிசையில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெரியவர். "சும்மா இருக்கிறீர்களே, நீங்களும் உட்காருங்கள்" என்று நண்பர்கள் நம்மையும் மேடையேற்றினர்.

அவள் எடுத்துக்கொண்ட ஆதிதாளப் பாடல் சமத்திலிருந்து அரையிடம் தள்ளி எடுப்பது. பெரியவர் சமத்தில் ஒரே ஒரு 'தொம்' கொடுத்துவிட்டுக் கையை நிறுத்திக்கொள்வார். அந்த இடைவெளியில் அவள் எடுப்பைப் பிடித்துக்கொள்வாள். நாமோ அலுவலகத்தில் காலியிடம் கண்டால் நிரப்பக் கோப்பு எழுதியே பழகியவர். அந்த அரையிடத்தையும் சதங்கை ஒலியால் நிரப்பினோம்! ஒருமுறை முந்தி எடுத்தாள், மறுமுறை பிந்தினாள், மூன்றாம் முறை குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. அவையோர் கைதட்டித் தேற்றினர். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பெரியவர் கடிந்து பேசவில்லை. மிருதங்கத்தை உறையில் இட்டுக்கொண்டே, "அது நான் மறந்துவிட்ட இடமில்லை தம்பி, அந்தக் குழந்தைக்காக விட்ட இடம்" என்றார். அன்றிரவு நாம் உணவு கொள்ளவில்லை.

மறு ஞாயிறு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். முதல் மாதம் கஞ்சிராவைத் தொடவே விடவில்லை. தாளம் மட்டுமே போடச் செய்தார். பிறகு கணக்கு வந்தது. ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு அட்சரம். சதுச்ர நடையில் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' என்பது 5 மாத்திரை. அதை மும்முறை சொல்லி, நடுவே இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் 19 ஆகும். ஆகவே 13 மாத்திரை கழித்துத் தொடங்கினால் சரியாகச் சமத்தில் வந்து விழும். சம்பளப் பட்டியல் சரிபார்த்த கைக்கு இக்கூட்டல் ஒரு பொருட்டன்று. அந்த இரண்டு மாத்திரைக் கார்வையில் விரலை அடக்குவதுதான் பெரும்பாடாயிற்று. அதையும் முழுதாக வாசிக்க அவர் விடவில்லை. மிருதங்கம் சொற்களை எல்லாம் சொல்லும். நாம் மூன்று 'தொம்'மை மட்டும் தொட வேண்டும். அப்படித் தொட்டபோதுதான் அவ்விரு தோல்களும் ஒரே தோல்போல் ஒலித்தன. நான்காண்டுப் பயிற்சியில் நாம் ஒருமுறையும் கேட்டிராத நாதம் அது.

நம் மகன் கணிப்பொறியில் தாளம் அமைப்பவன். முரசொலியின்மேல் கிலுகிலுப்பை, கைத்தட்டல், கொங்கா என்று அடுக்கிக்கொண்டே போவான். அவனிடம் இந்த 19 மாத்திரைக் கதையைச் சொன்னோம். சிரித்தான், ஆயினும் அன்று கிலுகிலுப்பையைப் பாதி இடங்களில் அழித்துவிட்டதைக் கண்டோம்.

அடுத்த நவராத்திரிக்கு அச்சிறுமியின் தாயார் ஒரு நிபந்தனை விதித்தார்: மிருதங்கம் மட்டும் என்றால் பாடுவாள். நியாயமே என்றோம். பெரியவர்தாம், "அவர் மடியில் வைத்துக்கொண்டு உட்காரட்டும்" என்று இசைவு வாங்கினார். அவள் அதே பாடலை எடுத்தாள். பல்லவியிலும் அனுபல்லவியிலும் நம் கை மடியிலேயே கிடந்தது. சரணத்தில் பெரியவர் கண் காட்டிய இடங்களில் மட்டும் சில தட்டுகள் தட்டினோம். தனி ஆவர்த்தனத்தில் அவர் இரண்டு ஆவர்த்தனம் வாசித்து நமக்கு இரண்டு கொடுத்தார். பின் ஒன்று, அரை, கால் என்று குறைத்து வந்து, இருவரும் சேர்ந்து கோர்வை வைத்தோம். மூன்றாம் முறை சமத்தில் விழுந்ததும் இருவர் கையும் நின்றன. அரையிடம். அவள் எடுத்தாள், மயிரிழை பிசகவில்லை.

அப்பாடல் முடிந்ததும் அவள் நம் பக்கம் திரும்பி, "அடுத்த பாட்டுக்கு அனுபல்லவியிலும் வாசியுங்கள் மாமா" என்றாள். பெரியவர் காதில் விழாதவர்போல் ரவையைப் பிசைந்துகொண்டிருந்தார். நாம் கஞ்சிராவைத் திருப்பி, தோலில் இரண்டு சொட்டு நீர் தடவினோம்.