மணி பார்த்துப் பாடும் பெட்டி

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மேற்கே பத்துக் கிலோமீட்டர் போனால் வில்லியனூர். திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வடம் பிடித்து இழுப்பார். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். தெற்கே திரும்பினால் வயலும் ஏரியுமாகப் பாகூர். ஊராட்சிக்கு இங்கே 'கொம்யூன்' என்று பெயர். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் போயிற்று, சொல் தங்கிவிட்டது!

சொல் மட்டுமா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுவையில் 'சொல்தா' என்பார்கள். கடல் கடந்த உறவுள்ள இப்பகுதி வீடுகளில், பரண்மேல் ஒரு கடிகார ரேடியோ தூங்கிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குறித்த நேரத்தில் அலாரத்துக்குப் பதில் பாட்டுப் பாடி எழுப்பும் பெட்டி அது. 1940-களில் அமெரிக்காவில் பிறந்தது.

புதுவைக்குச் சொந்த வானொலி நிலையம் வந்தது 1967 செப்டம்பர் 23-ல்தான். அதுவரை சென்னையும் திருச்சியும் கொழும்பும்தான் துணை. ரேடியோவை அலங்காரப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். தஞ்சைப் பக்கத்தில், திருச்சி வானொலி எடுத்துச் சொன்ன ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்கு உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள்!

சரி, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா? பேரப்பிள்ளைகள், "பாட்டி, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?" என்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்.

முதல் காரியம்: ஆசைப்பட்டு உடனே பிளக்கைச் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் பழைய கண்டென்சர்கள் கெட்டுப்போயிருக்கும், புகைந்துவிடும். சில வால்வு ரேடியோக்களில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. முதுகுப் பலகையைக் கழற்றுவது வால்வு ரேடியோ அறிந்த ரிப்பேர்க்காரர் வேலை. உங்கள் வேலை, வெளியே மெல்லிய பிரஷால் தூசி தட்டுவது. டயல் கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க விடாதீர்கள். ஊர்ப் பெயர்கள் துணியோடு வந்துவிடும்!

அடுத்தது, பின்புறத் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே போடக்கூடாது, டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதோடு தீர்ந்ததா? அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. மின்சாரத்தின் சுழற்சியை எண்ணி ஓடும் அமெரிக்கக் கடிகாரம் இங்கே மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். இரவு பத்துக்குச் சரியாக வைத்து, காலை ஆறுக்கு எழுப்பச் சொன்னால், ஏழரைக்கு மேல்தான் பாடும். அதற்குள் பால்காரரும் பள்ளிக்கூட வண்டியும் போயே போய்விடும்! பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கும் 50 சுழற்சிதான். ஆனால் அந்தக் காலத்து வோல்ட் வேறாக இருக்கலாம், தகட்டைப் பாருங்கள்.

கடலோர ஊரில் ஈரக்காற்றே பெரிய எதிரி. சமையலறைப் பக்கமும் ஜன்னலோரமும் வேண்டாம். பல்லியும் எறும்பும் குடியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பாடாமலே போனாலும் போகட்டும். ரேடியோ வைத்திருப்பதற்கு அக்காலத்தில் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. அந்தச் சிறு புத்தகம் டிரங்குப் பெட்டியில் எங்காவது இருக்கும், தேடுங்கள். தாத்தாவின் பெயரும் அஞ்சலக முத்திரையும் அதில் இருக்கும். அந்தப் புத்தகத்தையும் ரேடியோவோடு சேர்த்து வையுங்கள். அதைப் படித்த பிறகு, காயலான் கடைப் பேச்சைப் பேரப்பிள்ளைகள் எடுக்கமாட்டார்கள்.