கணக்கில் வராத பாட்டில்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆணி அதிகம்னு சொன்னா நம்பிடுவீங்க. மார்ச் க்ளோசிங்னு சொன்னா பாவப்படவும் செய்வீங்க. ரெண்டும் காரணம் இல்லை. நிஜக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பதவி உயர்வு குடுத்தா கையோட பாஷை தெரியாத ஊருக்கு அனுப்பி வைக்கிறது வங்கி சம்பிரதாயம். அப்படித்தான் 2019ல லக்னோ வந்து சேர்ந்தேன். அடுத்த வருஷம் தங்கமணியும் பொண்ணும் வந்தாங்க. 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில, ஊர்ல அப்பா போயிட்டார். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. திரும்பி வந்து வழக்கம்போல வேலைக்குப் போனேன். நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, லோன் ஃபைல்ல ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படிச்சிட்டு இருக்கேன்னு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. சாப்பாட்டுல ருசி இல்லை.

தங்கமணிதான் மனநல டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. என் இந்தி, கவுன்டர்ல ஆதார் கார்டு கேக்கற அளவுக்கு. 'நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு டாக்டர்'னு அதுல எப்படிச் சொல்றது? "நீந்த் நஹீ ஆதீ"ன்னு, தூக்கம் வரலைன்னு மட்டும் சொன்னேன். நல்ல மனுஷர், புரிஞ்சுக்கிட்டார். எஸ்சிடாலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதினார். ரெண்டு மாசத்துல கொஞ்சம் தேவலை ஆச்சு.

வினை 2022 டிசம்பர்ல வந்தது. இந்த ஊர் குளிரும் பனிமூட்டமும் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வறட்டு இருமல். அம்மா போன்ல சுக்கு, மிளகு, திப்பிலின்னு சொன்னாங்க. நான் தெருமுனை மெடிக்கல்ல இருமல் சிரப் வாங்கினேன். சீட்டு கேக்கலை, நானும் காட்டலை. லேபிள்ல டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்னு இருந்தது. அளவு 10 மில்லி.

இருமல் பத்து நாள்ல போயிடுச்சு. சிரப் போகலை.

ராத்திரி குடிச்சா தலை பஞ்சு மாதிரி ஆகும். அப்பா ஞாபகம் ரெண்டு அடி தள்ளி நிக்கும். அதுக்குத்தான். 10 மில்லி 20 ஆச்சு, மூடியால அளக்கறது நின்னுச்சு. 2023 கடைசியில 100 மில்லி பாட்டில் ரெண்டு நாள் தாங்கலை. ஒரே கடையில வாங்கினா சந்தேகப்படுவாங்கன்னு நாலு கடையில மாத்தி மாத்தி வாங்கினேன். ரிஸ்க்கைப் பிரிச்சு வைக்கணும்னு படிச்சவன் ஆச்சே :-)

டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டார்: சாராயம்? சிகரெட்? பான் மசாலா? "நஹீ சார்"னு பெருமையா சொன்னேன். பொய்னு தோணவே இல்லை. இருமல் மருந்து எந்தக் கணக்குல வரும்?

இதுக்கு நடுவுல மனசு மறுபடி கீழ இறங்கிச்சு. மாத்திரையை 20க்கு ஏத்தினார், சரிப்படலை. 2024 ஜனவரியில மருந்தை மாத்தலாம்னு வென்லாஃபாக்சின் எழுதினார். பழசைப் படிப்படியா குறைச்சு, புதுசைச் சின்ன அளவுல ஆரம்பிச்சு, கொஞ்ச நாள் ரெண்டும் சேர்ந்து ஓடும்னு விளக்கினார். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். பாட்டிலைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கலை.

நாலாம் நாள் கிளைல ஒரு டிராஃப்ட்ல கையெழுத்து போடறேன், கை நடுங்குது. என் கையெழுத்து எனக்கே மேட்ச் ஆகலை! ஊரே ஹீட்டர் முன்னாடி உக்காந்திருக்கு, எனக்கு ஸ்வெட்டர் நனையற அளவுக்கு வேர்வை. வயித்துப்போக்கு. ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கால் தானா வெட்டி வெட்டி இழுத்துது. ஹார்ட் அட்டாக்னு நினைச்சு எமர்ஜென்சிக்கு ஓடினோம்.

அங்க இருந்த இளம் டாக்டர் சீட்டைப் பாத்துட்டு நிதானமா கேட்டாங்க: "இது தவிர வேற எதாவது? கடையில வாங்கினது, இருமல், சளி, தலைவலி, எதுவா இருந்தாலும்?"

தங்கமணி பக்கத்துல நின்னாங்க. நான் தரையைப் பாத்துக்கிட்டு சொன்னேன். சொல்லி முடிச்சதும் அவங்க மெதுவா, "ஊருக்கு எடுத்துட்டுப் போற பெட்டிக்குள்ள பதினொரு காலி பாட்டில் பாத்தேங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்"னாங்க.

படபடப்பைவிட அதுதான் வலிச்சுது.

பேர் செரட்டோனின் சின்ட்ரோம். என் மாத்திரைங்க மூளையில செரட்டோனின் வேலையைக் கூட்டற ரகம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் அதையே செய்யும். பழைய மாத்திரை, புது மாத்திரை, மேல அரை பாட்டில் சிரப். முத்திப்போனா உயிருக்கே ஆபத்தாம். எல்லாத்தையும் நிறுத்தி, ட்ரிப் ஏத்தி, ஒரு நாள் முழுக்க கண்காணிப்புல வச்சிருந்தாங்க.

என் டாக்டர் திட்டலை. "நீங்க சொன்னதை வச்சுத்தான் பழைய மாத்திரை வேலை செய்யலைன்னு முடிவு பண்ணேன். இப்ப அது தோத்துச்சா, சிரப் தோக்கடிச்சுதான்னு யாருக்குத் தெரியும்?"னார். ஆடிட்ல நான் எத்தனை பேரை இப்படிக் கேட்டிருக்கேன், கணக்கை மறைச்சுட்டு நஷ்டம்னு அழறீங்களேன்னு.

முதல்ல சிரப்பை விடணும்னார். மூணு வாரம் ஒழுங்கான தூக்கம் இல்லை. சும்மா சும்மா கோபம். பொண்ணுகிட்ட எரிஞ்சு விழுந்து, அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவை நினைச்சு முதல் தடவையா நல்லா அழுதேன். பழைய மாத்திரையைக் குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிச்சார். பாதி தேறினேன், மீதி தேறலை. அதனால 2024 செப்டம்பர்ல ரெண்டாவது தடவை மருந்து மாத்தினோம். 20, 10, 5னு இறக்கி, பக்கத்துலயே புதுசை ஏத்தி. தலைசுத்தல், தலைக்குள்ள ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் மாதிரி மினுக் மினுக். இதெல்லாம் வரும், போயிடும்னு முன்னாடியே சொல்லியிருந்ததால பயப்படலை. இந்த தடவை கணக்குல எதையும் மறைக்கலை.

நல்லவன் ஆயிட்டேன்னு முடிச்சா அதுவும் பொய். டிசம்பர்ல ஒரு நாள் கால் தானா கடைக்குப் போச்சு. கடைக்காரர் நான் கேக்காமலே பாட்டிலை எடுத்து வச்சார். வாங்கினேன், பாதி குடிச்சேன். மறுநாள் காலைல மீதியைத் தங்கமணி கைல குடுத்துட்டு டாக்டருக்கு போன் பண்ணேன். அதுக்கப்புறம் இல்லை. அந்தத் தெரு வழியா இன்னமும் போறதில்லை.

வெளியூர்ல இருக்கற நம்மாளுங்களுக்கு ரெண்டே விஷயம். டாக்டர் 'வேற என்ன சாப்பிடறீங்க'ன்னு கேட்டா இருமல் சிரப், தலைவலி மாத்திரை, ஊர்லேர்ந்து வர்ற லேகியம், எல்லாத்தையும் சொல்லுங்க. கேக்கலைன்னாலும் சொல்லுங்க. ரெண்டாவது, மனசைச் சொல்ல இந்தி வரலைன்னா 14416க்கு போன் போடுங்க. டெலி மானஸ், 2022ல அரசு ஆரம்பிச்ச இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம். நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குன்னு நான் முதல்ல சொன்னது அங்கதான். அந்தப் பக்கத்துலேர்ந்து "எத்தனை நாளாங்க?"ன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரலை.

டிஸ்கி: நான் பி.காம். படிச்சவன், டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையைச் சொந்தமா நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம். அந்தப் பெட்டி இப்ப காலியா இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போகத் துணி அடுக்கணும்.