ஜாபிதாவில் விடுபட்டது

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து பன்னிரண்டு பேர் ஒகேனக்கலுக்குப் போய்ப் பரிசல் ஏறுவதென்று தீர்மானமாயிற்று. ஏற்பாடுகளை என் தலையில் கட்டினார்கள். ஏதோ எழுதுகிறவன், ஜாபிதா போடவாவது லாயக்காயிருப்பான் என்று நினைத்திருக்கலாம்.

ஒரு முழுத்தாளில் எழுதினேன். மாற்றுத் துணி, மருந்து, கைபேசி எல்லாம் இரட்டைப் பாலிதீன் பையில். விசில் ஒன்று, கயிறு ஒன்று. வேட்டி, லுங்கி வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றும். மது கூடாது. எந்நேரம் திரும்புவோமென்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழி யானை நடமாடும் காட்டுப்பாதை, இருட்டுமுன் கடந்துவிடவேண்டும்.

அன்று காலை பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று பார்ப்பது என்பது அடுத்த வரி. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. வினாடிக்கு ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குச் சற்று மேல். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்திருக்கும். கிருஷ்ணராஜசாகரிலோ கபினியிலோ திறந்துவிட்ட நீர் இங்கே வந்து உயரும். வரத்து மிஞ்சினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள்.

விமர்சனங்களில் 'ஆழம்' என்ற சொல்லை நான் தாராளமாக உபயோகித்தவன். இந்தத் தாளில் அச்சொல்லை எழுதும்போதுதான் அதற்கு அடிக்கணக்கு உண்டென்று உறைத்தது.

நீந்தத் தெரியாதவர்கள் யார் என்று கேண்டீனில் பொதுவாகக் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். ஐந்து பேர் தெரியாது என்றார்கள், குரலைத் தாழ்த்தி. பரிசலுக்கு நால்வர் வீதம் மூன்று பரிசல். இரண்டில் இவ்விருவர், என்னுடையதில் ஒருவன், சமீபத்தில் சேர்ந்த ஒப்பந்தப் பையன். "அண்ணன் கூட இருக்கீங்கல்ல, எனக்கென்ன பயம்" என்றான்.

எனக்கும் நீந்தத் தெரியாது. கேட்பவன் நான், என்னைக் கேட்க ஆளில்லை. இது பொய்யாகுமா என்று அப்போது யோசித்ததாகவும் நினைவில்லை.

ஒகேனக்கலில் வெயில் சுள்ளென்றிருந்தது. பாறைகளில் விழுந்த நீர் புகையாய் எழுந்துகொண்டிருந்தது. புகையும் கல்லும் சேர்ந்த கன்னடப் பெயர்தான் ஊருக்கு. பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மூங்கில் பின்னல், முன்பு தோல் போர்த்தியதுண்டு, இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். வட்டமானதால் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் சாயும்.

பரிசல்காரர் எங்களுக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். என்னுடையது காதுவரை எழும்பிற்று. வாரை இறுக்கினார். "உள்ள யாரும் எந்திரிக்கக் கூடாது. விழுந்துட்டா ஓடற தண்ணியில காலை ஊனாதீங்க, பாறை இடுக்குல மாட்டிக்கும். மல்லாந்து, காலை முன்னால நீட்டிக்கிட்டுப் போங்க" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "நீச்சல் தெரியாதவங்க யாரு?"

பையன் உடனே கையைத் தூக்கினான். சில கணங்கள் கழித்து நானும் தூக்கினேன்.

பரிசல்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பரிசலிலிருந்து நன்றாக நீந்துகிற ஒருவரை அழைத்துப் பையன் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் நாலாவது ஆளை அங்கே அனுப்பினார். என்னைத் தமக்கு எதிரே உட்காரச் சொன்னார். அரை நிமிஷ வேலை. பையன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை, கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பவனுடைய பார்வை.

பத்திரமாகத் திரும்பினோம். தாள் பையில் நனையாமல் இருந்தது. இரவு அதில் ஆறாவதாக என் பெயரை எழுதினேன். பையன் இப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் எதையாவது நான் சொன்னால், இன்னொருவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறான்.