காரத்துக்குப் பேர் போன அத்தை

எங்கள் ஊர்ப் பக்கம் குண்டு மிளகாய்க்குப் பேர் போனது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தும்மிக்கொண்டே குடித்தனம் நடத்துகிறவள் நான். அதனால் காரம் சாப்பிடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம் எங்கே, எப்படி இறங்கியது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

என் தம்பிக்கு ஜப்பானில் வேலை. டோக்கியோவில் நிஷி கசாய் என்ற பகுதியில் குடியிருக்கிறான். நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம் அது. துவரம் பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் கடையில் கிடைக்கும். 2024 நவம்பரில் அவன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானம் ஏற முடியாது. "அக்கா, நீ வந்தாத்தான் ஆகும்" என்றான். கிளம்பிப் போனேன்.

போனதிலிருந்து பத்தியச் சமையல்தான். பூண்டு, மிளகு, பருப்புத் துவையல், இளம் ரசம். மூன்று வாரத்தில் எனக்கே நாக்கு செத்துப் போயிற்று. தம்பி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாக்கா, ராமென் சாப்பிட்டு வரலாம்" என்று என்னையும் அவன் பெரிய மகளையும் அழைத்துப் போனான். பெரியவளுக்கு ஒன்பது வயது.

ராமென் என்பது கோதுமை நூடுல்ஸை எலும்புச் சாற்றில் போட்டுத் தருகிற பதார்த்தம். சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. மாவு பிசையும்போது உப்போடு ஒரு காரநீரும் சேர்ப்பார்களாம். நாம் அப்பளத்துக்கு அப்பளக்காரம் போடுகிறோமே, ஏறக்குறைய அதே சரக்குதான். அதனால்தான் அந்த மஞ்சள் நிறமும், இழுத்தால் இழுபடுகிற பதமும் வருகின்றன. பெரும்பாலான கடைகளில் பன்றி எலும்புச் சாறு. நாங்கள் அது சாப்பிடுவதில்லை என்பதால் கோழிச் சாற்றில் செய்கிற கடையாகத் தேடிப் பிடித்தான்.

வாசலிலேயே ஒரு மெஷின். பணத்தைப் போட்டு, வேண்டியதன் பட்டனை அமுக்கினால் சீட்டு வரும். அதை உள்ளே கொடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் 1,000 யென், அப்போது நம் பணத்துக்குச் சுமார் 550 ரூபாய். காரத்துக்கும் நம்பர் உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

"அக்கா, உனக்கு மூணு போதும். நானே நாலுக்கு மேல போனதில்ல" என்றான் தம்பி.

"போடா! மிளகாய்க் காட்டுல பொறந்தவளுக்கு மூணா? பத்தை அமுக்கு."

பெரியவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குப் பூஜ்யம். "இந்த வயசுல காரம் பழகாம எப்பப் பழகப் போறே?" என்று அப்போதும் ஒரு வார்த்தை சொன்னேன். சீட்டை வாங்கிய கடைக்காரப் பையன் நம்பரைப் பார்த்துவிட்டு, "தைஜோபு?" என்று என்னைக் கேட்டான். பரவாயில்லையா என்று அர்த்தமாம். நானும் கம்பீரமாகத் தலையை ஆட்டினேன்.

கிண்ணம் வந்தது. செக்கச்செவேல் என்று எண்ணெய் மிதக்கிறது, ஆவி பறக்கிறது. அங்கே நூடுல்ஸைச் சர்ரென்று உறிஞ்சிச் சாப்பிடுவதுதான் வழக்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நானும் உறிஞ்சினேன். காரம் நேரே தொண்டையில் போய் ஏறிற்று. இருமல் என்றால் அப்படி ஓர் இருமல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். அணைவதற்குப் பதில் வாய் முழுவதும் பரவியது. இன்னொரு டம்ளர், இன்னொரு டம்ளர். "சோத்தை மிச்சம் வைக்கக் கூடாது" என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவள் ஆயிற்றே! நாலு வாய் அள்ளினேன். அதற்கு மேல் கை எழும்பவில்லை.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவள் அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினாள். ஒரு சின்ன அட்டைப்பெட்டிப் பாலோடு வந்தாள்.

"தண்ணி குடிக்காதீங்க அத்தை. பாலை வாயில வெச்சிருந்து மெதுவா முழுங்குங்க."

அப்படியே செய்தேன். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் மட்டுப்பட்டது. "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"அம்மாதான். உங்க வீட்ல குழம்பு சாப்பிட்டேன்ல, அன்னைக்கு. எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு அத்தை. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய்ப் பால் குடுத்தாங்க."

குழந்தை சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

2022 ஆகஸ்டில் அவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது. நான்தான் கருவாட்டுக் குழம்பை அவள் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, "நம்ம ஊர் ரத்தம் இல்லையா நீ? சாப்பிடு, பழகிடும்" என்று ஊட்டினேன். அவள் அழ அழ, வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மறு வருஷம் வந்தபோது எங்கள் வீட்டில் தங்காமல் அவளுடைய ஆச்சி வீட்டிலேயே தங்கிவிட்டுப் போனார்கள். தம்பி பெண்டாட்டிதான் பிரிக்கிறாள் என்று ஒரு வருஷம் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். போனில் கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரித்தது அவள் இல்லை, என் குழம்பு! அந்தப் பெண்ணோ இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரவெல்லாம் வயிறு எரிந்து தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அவளுக்குக் கஞ்சி கொடுக்கும்போது, "பிள்ளைய அழ வெச்சுட்டேன்மா, மனசுல வெச்சுக்காதே" என்றேன். அவள் சின்னதைத் தட்டிக்கொண்டே, "நீங்க இங்க வந்து எங்களுக்குச் செய்யிறதே போதும்" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

மருந்தாளுநர் படிப்பு படிக்கிற என் மகன் போனில் விளக்கிச் சொன்னான். காரம் என்பது நாக்கின் சுவையே இல்லையாம், வலியாம். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணருகிற நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் மூளை, வாய் வெந்துவிட்டதாகவே நினைக்கிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நாம் தினமும் தின்று தின்று அந்த நரம்புகள் மரத்துப்போகின்றன. பழகாத குழந்தைக்கு முழு வலியும் தெரியும்.

அப்படியானால் பழகின எனக்கு ஏன் அந்தப் பாடு? நம் வீட்டுக் குழம்பு எவ்வளவு காரமானாலும் சோற்றோடு, எண்ணெயோடு, கடைசியில் மோரோடு சேர்ந்து தணிகிறது. அங்கே காரச் சாற்றையே கொதிக்கக் கொதிக்க உறிஞ்சுகிறோம். சூடும் காரமும் ஒரே நரம்பைத் தாக்கினால் தாங்குமா? சாற்றில் உப்பும் மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடுல்ஸை மட்டும் சாப்பிட்டுச் சாற்றை வைத்துவிடுவது நல்லது.

தம்பி இன்னொன்றும் சொன்னான். 2024 ஜூலையில் டோக்கியோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் கொண்டுவந்த அதிகாரமான சிப்ஸைத் தின்ற பிள்ளைகளில் 14 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்ததாம். இப்போது நம் ஊர்க் கடைகளிலும் அதிகார நூடுல்ஸ் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. பிள்ளைகள் பந்தயம் கட்டித் தின்கிறார்கள். சின்னக் குழந்தை உள்ள தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான்: காரத்தை வீரம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். குழந்தை "எரியுது" என்றால் நம்புங்கள். மிளகாய் போடுமுன் அதற்குக் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். தண்ணீர்ச் சொம்பை நீட்டாமல் பாலோ தயிரோ கொடுங்கள்.

2025 ஆகஸ்டில் எல்லோரும் வந்தார்கள். எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். பெரியவளுக்கென்று மிளகாய் போடாத பருப்பும் நெய்யும் தனியே வைத்திருந்தேன். இரண்டு நாள் அதைத்தான் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் தானாகவே என் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இது எத்தனையாம் நம்பர்?"

"அது ஆறு இருக்கும் கண்ணு. உனக்கு வேண்டாம்."

"ஒரே ஒரு சொட்டு."

சோற்றின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்தில் ஒரு டம்ளர் பாலும் வைத்தேன். நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பாலைக் குடித்தாள். பிறகு, "நாளைக்கு ரெண்டு சொட்டு" என்றாள்.